பெட்டிக்கு ஒரு சீட்டு

பருத்திப்பட்டில் ஆடித் திருவிழா மேடை. கீபோர்டுக்குப் பின்னால் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நான் நிற்கிறேன். விளக்கு வைத்து வெகு நேரமாகிவிட்டது. இருட்டிய பிறகு எதற்குக் கறுப்புக் கண்ணாடி என்று நீங்கள் கேட்கலாம். அந்த வயதில் என்னை யாராவது அப்படிக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் வெள்ளைக் கட்டை, கறுப்புக் கட்டை எல்லாம் ஒரே நிறம். பாதி கச்சேரியைத் தடவித் தடவித்தான் வாசித்திருக்கிறேன்.

எதிரே சீரியல் பல்பில் அம்மன் எரிந்து எரிந்து அணைகிறாள். காலையில் கூழ் ஊற்றிய அண்டாக்களை இன்னும் கழுவவில்லை, அந்தப் புளித்த வாசனை. ஏரிப் பக்கமிருந்து ஈரக் காற்று. மேடைக்கு முன்னால் பாய் விரித்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒரு அம்மாள் மட்டும் பாட்டையும் கேட்கவில்லை, பாடகரையும் பார்க்கவில்லை. என்னையே முறைத்துக்கொண்டிருந்தார். கறுப்புக் கண்ணாடியையும் தாண்டி அது தெரிந்தது.

முறைப்பதற்கு அவருக்குக் காரணம் இருந்தது. அவருடைய மகளின் குரல் என் கீபோர்டுக்குள் இருந்தது. மகள் மேடையில் இல்லை.

என்ன ஆயிற்று என்று சொல்வதற்கு முன்னால் அந்தக் கீபோர்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும்.

மிக்ஸி என்று நினைத்தோம்

எண்பதுகள் முடிந்து தொண்ணூறுகள் பிறக்கிற சமயம். பகலில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறை, சாயங்காலம் மெல்லிசைக் குழு என்று என் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. அண்ணனூரில் வீடு. சிங்கப்பூரில் வேலை பார்த்த அக்கா வீட்டுக்காரர் ஒரு தடவை ஊருக்கு வந்தபோது பெரிய அட்டைப் பெட்டி ஒன்றைத் தூக்கிவந்தார். மிக்ஸிதான் என்று அம்மா முடிவே கட்டிவிட்டார். பிரித்தால் கீபோர்டு. அங்கே ஏதோ ஹோட்டலில் வாசிக்கிறவர் கழித்துப் போட்டதாம். அம்மா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, இதில் எங்கே அரைக்கிறது என்று கேட்டார்.

அது சாதாரணக் கீபோர்டு இல்லை, சாம்ப்ளர். மைக் வழியாக எந்தச் சத்தத்தைக் கொடுத்தாலும் வாங்கி வைத்துக்கொள்ளும். பிறகு எந்தக் கட்டையை அழுத்தினாலும் அந்தச் சத்தம் அந்தச் சுருதியில் வரும். வலது பக்கம் போகப் போகக் குரல் மெலிந்து வேகமாகும். இடது பக்கம் போகப் போகத் தடித்து மெதுவாகும். நான் முதன்முதலில் பதிவு செய்தது என் பெயரைத்தான். ஒரு ஓரத்தில் 'சேகர்' என்று எலி கூப்பிட்டது, இன்னொரு ஓரத்தில் எமன் கூப்பிட்டார்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் என்னைப் பிடிக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு மாடு, குக்கர் விசில், பால்காரர் சைக்கிள் மணி, பட்டறையில் இரும்பு கடைகிற சத்தம் எல்லாம் உள்ளே போயின. பக்கத்து வீட்டு மாட்டைச் சங்கராபரணத்தில் கத்த வைத்து அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். அப்பா பேப்பரைத் தாழ்த்தாமலே, "மாடு கத்துறதுக்கு எதுக்குடா கரண்டு?" என்றார்.

அந்தக் கீபோர்டுப் பெட்டிக்கு இரண்டு குறைகள். ஒன்று, கரண்டு போனால் எல்லாவற்றையும் மறந்துவிடும். சத்தங்களைப் பதிந்து வைத்திருக்கிற பிளாப்பித் தட்டைத் திரும்பச் செருகி, அது கரகரவென்று படித்து முடிக்கிற வரை காத்திருக்க வேண்டும். இரண்டாவது, ஒரு சத்தம் என்றால் ஒரு மூச்சு நீளம்தான் பிடிக்கும். அந்த ஒரு மூச்சையே முடிவில்லாமல் சுற்ற வைக்க ஒரு வழி இருப்பதாகப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். கூட வந்த தடிப் புத்தகத்தில் விளக்கமாகப் போட்டிருந்ததாம். அந்தப் புத்தகத்தை அம்மா அரிசி டின்னுக்கு மூடி ஆக்கியிருந்தார், நானும் கேட்டு வாங்கவில்லை.

யாருப்பா போயிட்டது?

இங்கே ஒரு கிளைக்கதை. சொல்லாவிட்டால் என் குழு நண்பர்கள் யாராவது பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் போட்டுச் சொல்லிவிடுவார்கள். நானே சொல்லிவிடுகிறேன்.

திருமுல்லைவாயலில் ஒரு கல்யாண வரவேற்பு. முதல் பாட்டு பிள்ளையார் பாட்டு. பாட்டுக்கு முன்னால் சங்கு முழங்கினால் அமர்க்களமாக இருக்கும் என்பது என் யோசனை. கோயிலில் போய்ப் பதிவு செய்து வந்திருந்தேன். நடுக்கட்டையை அழுத்தினால் கணீரென்று மங்கலச் சங்கு. என் கண்ணாடியின் உபயத்தில் ஒரு ஸ்தாயி கீழே அழுத்திவிட்டேன்.

அதே சங்குதான் வந்தது. ஆனால் பாதி வேகத்தில், அடித்தொண்டையில், இழுத்து இழுத்து வந்தது. நம் தெருக்களில் அந்த மாதிரி எப்போது ஊதுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். முன்வரிசையில் மாப்பிள்ளையின் பெரியப்பா சட்டென்று எழுந்து, தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "யாருப்பா போயிட்டது?" என்று பக்கத்தில் விசாரித்தார்.

அன்று எங்களுக்குச் சாப்பாடு கிடையாது. அந்த மாப்பிள்ளையும் பெண்ணும் பேரன் பேத்தியோடு சௌக்கியமாகத்தான் இருக்கிறார்கள். ஆனாலும் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்தால் மாப்பிள்ளை எதிர்ப்பக்கம் போய்விடுவார்.

பின் மைக்

எங்கள் குழுவை நடத்தியவரை எல்லோரும் நைனா என்றுதான் கூப்பிடுவோம். முன்பு அக்கார்டியன் வாசித்தவர். இடுப்பு வலி வந்தபின் கையை மட்டும் ஆட்டிக் குழுவை நடத்தினார். மைக் செட்டும் ஜெனரேட்டரும் பூந்தமல்லி கபூர் பாயுடையவை. முன் மைக்கில் பெண் குரலுக்கு மல்லிகா. பின் மைக்கில் கலா.

பின் மைக் என்றால் டிரம்ஸுக்குப் பின்னால், வெளிச்சம் விழாத இடத்தில் நிற்கிற மைக். பாட்டுக்கு ஆரம்பத்தில் வருகிற ஹம்மிங், நடுவில் வருகிற கோரஸ், இவை அங்கிருந்து வரும். கலா எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். மேடையில் அவளுக்குக் கிடைத்தது 'ஆ'வும் 'ஓ'வும் 'லாலலா'வும்தான். வார்த்தை என்று ஒன்று அவள் வாய்க்கு வந்ததில்லை.

ஆனால் வேனில் கதையே வேறு. டிரைவருக்குப் பின்னால் ஜன்னல் ஓரம் அவளுடைய இடம். வேன் ஆவடியைத் தாண்டியதும் பாட ஆரம்பிப்பாள், பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று முழுப் பாட்டு, ஒரு வார்த்தை விடாமல். மல்லிகாவே தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக் கேட்பாள். கலாவுக்கு ஆசை ஒன்றுதான். முன் மைக்கில் ஒரே ஒரு முழுப் பாட்டு. கேட்கும்போதெல்லாம் நைனா, அடுத்த புரோகிராமில் பார்த்துக்கலாம் என்பார். அடுத்த புரோகிராம் வந்து சேரும்போது அது இந்தப் புரோகிராம் ஆகிவிடும்.

கலாவின் அம்மா சரோஜாம்மா, பருத்திப்பட்டில் கோயில் வாசலில் பூக்கட்டி விற்பவர். என் பெண் கச்சேரியில் பாடுகிறாள் என்று முழம் போடும்போதே தெருவுக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தார். என்ன பாடுகிறாள் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஆவும் ஆரனும்

கலாவின் 'ஆ'வைப் பெட்டிக்குள் போடலாம் என்று தோன்றியது எனக்குத்தான். ஒரு குரலை வைத்து நான்கு கட்டையைச் சேர்த்து அழுத்தினால் நாலு பேர் பாடுகிற மாதிரி வரும். இரண்டு கையாலும் அழுத்தினால் ஒரு கூட்டமே பாடும். சொன்னதும் கலாவின் முகம் மலர்ந்துவிட்டது. "நானே அத்தினி பேரா?" என்று கேட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனூர் வீட்டுக்கு வந்தாள். ஜன்னலுக்குப் போர்வை, ஃபேன் நிறுத்தம், அம்மா சமையற்கட்டில் பாத்திரம் தொடக் கூடாது என்று ஊரடங்கு உத்தரவு. முதல் தடவை பாடியபோது பக்கத்து வீட்டு மாடு சேர்ந்துகொண்டது. அதற்கு ஏற்கெனவே என் பெட்டியில் வாய்ப்புக் கொடுத்துவிட்டேன் அல்லவா, பழகிப்போய்விட்டது. அடுத்த தடவை அப்பா தும்மினார். அதற்கடுத்த தடவை கலாவின் குரல் தேன் மாதிரி இறங்கியது. மூச்சு முடியப் போகிற இடத்தில், பக்கத்து ரயில்வே கார் ஷெட்டிலிருந்து கிளம்பிய மின்சார ரயில் 'பாம்' என்று ஆரன் அடித்தது.

இன்னொரு தபா பாடுகிறேன் என்றாள் கலா. நான்தான் வேண்டாம் என்றேன். ரயில் வருவதற்குள் விரலை எடுத்துவிட்டால் போயிற்று, யாருக்குத் தெரியப் போகிறது? அம்மா அதற்குள் இரண்டு தடவை எட்டிப் பார்த்துச் சோறு குழைகிறது என்று சைகை காட்டியிருந்தார்.

அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்தது. கலாவின் குரலுள்ள கட்டையை அழுத்தினால் ரயிலுக்கு முன்னால் விரலை எடுக்க வேண்டும். வலது பக்கக் கட்டைகளில் குரல் வேகமாக ஓடுவதால் ரயிலும் சீக்கிரம் வந்துவிடும். பட்டாபிராமில் ஒரு கச்சேரியில் முன்வரிசைப் பெண் ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது. விரலை எடுக்க மறந்துவிட்டேன். உருக்கமான சோகப் பாட்டு நடுவில் ரயில் வந்தது. கூட்டத்தில் இரண்டு பேர் பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் ஓடினார்கள்.

குலுங்கக் கூடாது

பிளாப்பி தயாரானதும் நைனா ஒரு கணக்குப் போட்டார்.

"கொரலு பொட்டியில கீது. அப்பறம் அந்தப் பொண்ணு எதுக்குடா வேன்ல?"

நைனா கெட்டவர் இல்லை. எங்கள் வேன் சின்னது, அவ்வளவுதான். அதற்கு முன்னால் பெட்டியைக் கால் வைக்கிற இடத்தில் கிடத்தி எடுத்துப் போனோம். ரோட்டுப் பள்ளங்களில் அது தூக்கிப் போடும்போதெல்லாம் என் நெஞ்சு பதறும். பெட்டிக்கு மெத்தை சீட்டு வேண்டும் என்று நச்சரித்ததும் நான்தான். நைனா கையை நீட்டிக் காட்டினார். டிரைவருக்குப் பின்னால், ஜன்னல் ஓரம்.

அண்ணனூருக்கும் பருத்திப்பட்டுக்கும் கூப்பிடு தூரம் என்பதால் கலாவிடம் சேதி சொல்லும் வேலையும் எனக்கே வந்தது. ஆவடி மார்க்கெட் வாசலில் வைத்துச் சொன்னேன். அவள் கையில் முருங்கைக்காய்க் கட்டு.

"என் கொரலு போற எடத்துக்கு நான் வரக் கூடாதாண்ணா?"

அதற்கு நான் சொன்ன பதிலை இன்று நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. பெட்டி குலுங்கக் கூடாதும்மா என்றேன். அவள் முருங்கைக்காயை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

பெட்டி கலாவின் இடத்தில் உட்கார்ந்து ஊர் ஊராக வந்தது. மேடையில் நான் இரண்டு கையாலும் அழுத்த, ஒரு கூட்டம் 'ஆ' என்றது. ஆள் இல்லாமல் பெண் குரல் வருகிறதே என்று ஜனங்கள் மேடைக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார்கள். போஸ்டரில் என் பெயருக்கு முன்னால் 'கம்ப்யூட்டர்' சேர்ந்தது. கம்ப்யூட்டர் எப்படி இருக்கும் என்று அப்போது எனக்கே தெரியாது. கறுப்புக் கண்ணாடி வாங்கியது அதற்குப் பிறகுதான்.

கபூர் பாய் மட்டும் ஒவ்வொரு மேடையிலும் பின் மைக்கை அதே இடத்தில் நிறுத்தி, ஒயர் இழுத்து, ஊதிப் பார்த்துவிட்டுப் போவார். அங்கேதான் யாரும் நிற்பதில்லையே பாய் என்று கேட்டேன். வைக்கிற இடத்தில் வைக்காவிட்டால் தனக்கு ராத்திரி தூக்கம் வராது என்றார். பெரியவர், பழக்க தோஷம் என்று விட்டுவிட்டேன்.

ஏரிக்கரை மேடை

இப்போது பருத்திப்பட்டுக்குத் திரும்பலாம்.

திருவிழாக் கமிட்டிக்காரர்கள் எங்கள் குழுவை அமர்த்தியதற்கு ஒரே காரணம், அது 'நம்ம கலா பாடுகிற குரூப்பு' என்பதுதான். முன்பணம் கொடுக்க வந்தவர்களே அதைச் சொன்னார்கள். நான் நைனாவைத் திரும்பிப் பார்த்தேன். நைனா அசரவில்லை. கலாதான் பாடப் போகிறது, பெட்டிக்குள் இருந்து பாடினால் என்ன என்றார்.

நாங்கள் போய் இறங்கியபோது கலா பட்டுப் புடவை கட்டி, தலை கொள்ளாமல் பூ வைத்து நின்றாள். சரோஜாம்மா அன்று கடையே போடவில்லை. ஏரிக்கரைத் தெரு மொத்தமும் பாயோடு வந்து இடம் பிடித்திருந்தது. நைனா கலாவைப் பார்த்து, நீ உக்காந்து கேளும்மா என்றார், ஏதோ பெரிய மரியாதை செய்கிற தோரணையில். கலா போய் அம்மா பக்கத்தில் உட்காரவில்லை. அந்த முகங்களுக்கு நடுவில் எப்படிப் போய் உட்காருவாள்? மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் பக்கம் கபூர் பாயின் ஸ்டூலில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

கச்சேரி ஆரம்பித்தது. பாட்டுக்குப் பாட்டு சரோஜாம்மாவின் கண் மேடையைத் துழாவி, மகளைக் காணாமல், கடைசியில் என் மேல் வந்து நின்றது. எனக்கு வியர்த்தது. அதற்கும் கறுப்புக் கண்ணாடியைத்தான் நம்பினேன்.

நீளமான ஹம்மிங்கோடு தொடங்கும் ஒரு பாட்டு உண்டு. நாங்கள் எங்கே வாசித்தாலும் அதற்குத்தான் விசில் பறக்கும். அறிவிப்பு முடிந்து மல்லிகா முன் மைக்குக்கு வந்தாள். கரண்டு போனது. சீரியல் பல்பு அம்மன் அணைந்தாள். கபூர் பாய் ஜெனரேட்டரைக் கிளப்ப, வெளிச்சம் வந்தது. என் பெட்டி மட்டும் பிறந்த குழந்தை மாதிரி ஒன்றும் தெரியாமல் விழித்தது.

பிளாப்பியைச் செருகினேன். அது கரகரவென்று ஆரம்பித்தது. கூட்டம் அதற்குள் கைதட்டி, பாட்டைக் கேட்டுக் கூச்சல் போட்டது. நைனா என் பக்கம் திரும்பவே இல்லை. கையைத் தூக்கி, தாளம் எண்ணி, இறக்கிவிட்டார். ஹம்மிங் வர வேண்டிய இடம். அம்மா தாயே என்று கட்டையை அழுத்தினேன்.

குரல் வந்தது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பெட்டி என்னைக் காப்பாற்றிவிட்டது என்று நினைத்தேன். சுருதி மட்டும் கொஞ்சம் ஏறியிருந்தது. ஜெனரேட்டரில் வோல்டேஜ் அதிகமோ என்னவோ என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். கம்ப்யூட்டர் சேகர் அல்லவா.

ரயில் வருகிற நேரம் வந்ததும் பழக்கத்தில் விரலை எடுத்தேன். குரல் நிற்கவில்லை. கட்டை சிக்கிக்கொண்டது போல என்று தட்டிப் பார்த்தேன். குரல் வளைந்து, மேலே ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி இறங்கியது. ரயில் வரவில்லை. கூட்டத்தில் விசில் காதைக் கிழித்தது. "பொட்டி இன்னாமா பாடுது பாரு மாமே" என்று ஒருவன் கத்தியது நன்றாகக் கேட்டது. நான் என்ன செய்ய வேண்டும்? பிளக்கைச் சரிபார்த்திருக்க வேண்டும். திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். நான் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கூட்டத்தைக் கும்பிட்டேன்.

கை இரண்டும் மேலே இருக்கின்றன. கீபோர்டில் யாரும் இல்லை. குரல் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. சரோஜாம்மா பாயிலிருந்து எழுந்து நின்றார்.

"யோவ் கண்ணாடி, கைய எறக்குய்யா. பாடறது என் பொண்ணு."

கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரும்பினேன். டிரம்ஸுக்குப் பின்னால், வெளிச்சம் விழாத இடத்தில், கபூர் பாய் வழக்கம்போல நிறுத்தி வைத்திருந்த பின் மைக்கில் கலா நின்றாள். ஒரு கையால் காதை மூடிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். என் பெட்டி அந்தப் பக்கம் இன்னும் கரகரத்துக்கொண்டிருந்தது.

ஹம்மிங் முடிந்தது. அடுத்தது மல்லிகா பல்லவி எடுக்க வேண்டும். மல்லிகா வாயைத் திறந்து, திரும்ப மூடினாள். கலா பிடித்திருந்தது அவளுடைய சொந்தச் சுருதி. மல்லிகாவால் அங்கே ஏற முடியாது. ஒரு நொடி யோசித்தாள். முன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, நீயே எடு என்று கலாவுக்குத் தலையை அசைத்துவிட்டு ஓரமாக நகர்ந்தாள்.

கலா முன் மைக்குக்கு வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே வார்த்தையைத் தொடங்கினாள். கிடார்க்காரர் அவசர அவசரமாக அந்தச் சுருதியைத் தேடிப் பிடித்தார். தபலாக்காரர் சுத்தியலால் தட்டிச் சேர்த்துக்கொண்டார். நைனாவின் கை முதலில் அந்தரத்தில் நின்றது, அப்புறம் அவள் போகிற வழிக்கு அசைந்தது. கபூர் பாய் பின் மைக்கின் சத்தத்தைக் கூட்டிவிட்டு, எங்கேயோ இருந்த போக்கஸ் விளக்கைத் திருப்பி அவள் மேல் விட்டார். அது பழக்க தோஷம் இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நான் ஒன்றும் வாசிக்கவில்லை. இரண்டாவது சரணத்தில் பெட்டி படித்து முடித்துத் தயார் என்று 'டிங்' அடித்தது. அப்போதும் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வேனில் எத்தனையோ தடவை கேட்ட பாட்டுதான். ஆனால் அன்று அவளுடைய தெரு முழுக்க அசையாமல் உட்கார்ந்து கேட்டது. சரோஜாம்மா உட்காரவே இல்லை.

பாட்டு முடிந்ததும் நைனா கலாவிடம் போய், சுருதியை ஏன் ஏத்தினே என்று கேட்டார். அவள் முகத்தில் ஒன்றும் காட்டாமல் சொன்னாள்.

"பொட்டி எந்தச் சுருதியில பாடுதுன்னு எனக்கு எப்டி தெரியும் நைனா? நான்தான் வேன்ல வர்றதே இல்லியே."

ஜன்னல் ஓரம்

அடுத்த புரோகிராம் காஞ்சிபுரத்தில். நைனா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் வேன் பருத்திப்பட்டு ஏரி முனை வந்ததும் டிரைவர் தானாகவே நிறுத்தினார். கைப்பையோடு கலா நின்றுகொண்டிருந்தாள். ஏறினாள். தன் இடத்தில் பெட்டி சட்டமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். உட்காரச் சொல்லிக் கேட்கவில்லை, நகர்த்தச் சொல்லியும் கேட்கவில்லை. மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வேனில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நைனா மட்டும் ஜன்னலுக்கு வெளியே ஏரியைப் பார்த்தார். நான் எழுந்து பெட்டியைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். கலா சீட்டைப் புடவைத் தலைப்பால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள்.

வேன் நகர்ந்ததும் திரும்பி என்னிடம் கையை நீட்டினாள்.

"அந்தப் பிளாப்பியக் குடுண்ணா."

எடுத்துக் கொடுத்தேன். சீப்புக்கும் பவுடர் டப்பாவுக்கும் நடுவில் செருகிக் கைப்பையை மூடினாள்.

"இனிமே என் கொரலு நான் போற எடத்துக்குத்தான் வரும்."

பூந்தமல்லி தாண்டும்போது வழக்கம்போலப் பாட ஆரம்பித்தாள். ரோடு முழுக்கப் பள்ளம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பெட்டி எழும்பி என் தொடையில் இறங்கியது. திருமழிசை வருவதற்குள் கால் இரண்டும் மரத்துவிட்டன. பெட்டியைக் கீழே வைத்துவிடேன் தம்பி, கால் போயிடும் என்று பின்சீட்டிலிருந்து கபூர் பாய் சொன்னார்.

வேண்டாம் பாய், குலுங்கக் கூடாது என்றேன். கலா பாட்டை நிறுத்தாமல் சிரித்தாள்.